பால் கட்டு என்று நினைத்த கட்டி!



பிள்ளை பெற்ற வீட்டில் 'பால் கட்டிக்கிச்சு' என்ற பேச்சு எழாமல் இருக்காது. குழந்தை ஒருவேளை சரியாகக் குடிக்காவிட்டால் போதும். மார்பு கல்லாக இறுகிவிடும், காய்ச்சல் வரும். வெந்நீர் ஒத்தடம் கொடுப்போம், பாலைப் பீய்ச்சி விடுவோம், குழந்தையைத் திரும்பத் திரும்பப் போட்டுக் குடிக்க வைப்போம். பெரும்பாலும் இரண்டொரு நாளில் சரியாகிவிடும். மிஞ்சிப் போனால் டாக்டர் ஒரு வாரத்துக்கு மாத்திரை கொடுப்பார்.

ஆனால், எத்தனை ஒத்தடம் கொடுத்தும், எத்தனை மாத்திரை விழுங்கியும், கத்தி வைத்துக் கீறியும்கூட ஆறாத கட்டி ஒன்று உண்டு. அதுதான் மார்பகக் காசநோய். 'என்னது, டி.பி. மார்பகத்தில்கூட வருமா?' என்று கேட்பீர்கள். வரும். எங்கள் சொந்தத்திலேயே ஒரு பெண்ணுக்கு வந்தது. அவள் பட்ட பாட்டை வேறொரு தாய் படக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். அவளிடம் கேட்டு, அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றாள்.

என் நாத்தனார் மகளை ஜெயங்கொண்டம் பக்கம் ஒரு கிராமத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். இருபத்தாறு வயது. இரண்டாவது பிரசவத்துக்குப் பெரம்பலூர் பக்கம் தாய் வீட்டுக்கு வந்தாள். சுகப்பிரசவம், பெண் குழந்தை. மூன்றாம் மாதம் சீர் செய்து, புகுந்த வீட்டுக்கு அனுப்பி வைத்தோம். ஐந்தாம் மாதத்தில் இடது மார்பில், அக்குள் பக்கமாக, நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி தட்டுப்பட்டிருக்கிறது. பெரிய வலி இல்லை. சூடும் இல்லை.

மாமியாரிடம் சொன்னதற்கு, "பால் கட்டுதான் கண்ணு. எனக்குக்கூட பெரியவன் கைப்பிள்ளையா இருக்கறப்ப வந்துச்சு. மல்லிகைப்பூவ வெச்சுக் கட்டு, கரைஞ்சிரும்" என்றாராம். பாவம், அவரும் நல்லதை நினைத்துத்தான் சொன்னார். பூ வாடியதுதான் மிச்சம். கட்டி எலுமிச்சை அளவுக்கு வந்துவிட்டது.

பிறகு ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனார்கள். ஒரு வாரம் மாத்திரை. சரியாகவில்லை. வேறு மாத்திரை, கூடவே ஊசி. அதற்கும் அடங்கவில்லை. 'சீழ் கட்டி, கீறி விட்டால் போய்விடும்' என்று கீறினார்கள். வந்த சீழைப் பஞ்சில் துடைத்து வாளியில் போட்டார்கள். புண் ஆறுகிற மாதிரி ஆறி, மூன்றே வாரத்தில் பக்கத்தில் இன்னொரு வாய் திறந்தது. மறுபடியும் கீறல், மறுபடியும் கட்டு. 'பால் கொடுப்பதை அடியோடு நிறுத்தினால்தான் ஆறும்' என்று சொல்லவே, குழந்தைக்கு டின் பால் வந்தது. அவள் கழுத்தில் கிடந்த இரண்டு சவரன் செயின் அடகுக் கடைக்குப் போனது.

புண் மட்டும் ஆறவே இல்லை. ஊசி முனை அளவு துவாரம்; அதிலிருந்து நீர்த்துப்போன சீழ் கசிந்துகொண்டே இருந்தது. ரவிக்கை நனையும் என்று உள்ளே துணியை மடித்து வைத்துக்கொண்டு, மேலே துண்டைப் போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறாள். ஊரில் வாய் சும்மா இருக்குமா? 'அது புத்துக்கட்டியாம்' என்று ஒருத்தி ஆரம்பிக்க, தெருவே பேசியது. 'மாரையே எடுத்துடுவாங்களாம்' என்பது வரைக்கும் போய்விட்டது. மாப்பிள்ளை நல்லவர்தான். ஆனாலும் வீட்டில் பேச்சு அதிகமாகி, 'கொஞ்ச நாள் உங்க அம்மா வீட்டுல இரு' என்று கைக்குழந்தையோடு கொண்டுவந்து விட்டுவிட்டார்.

வந்தவளைப் பார்த்தபோது எனக்கு வயிறு பகீரென்றது. இளைத்துத் துரும்பாகி இருந்தாள். "அத்த, எனக்கு ஏதாவது ஆயிட்டா புள்ளைங்கள யாரு பாப்பா?" என்று ஒரே அழுகை. "அழாதடி, முதல்ல என்னன்னு பார்ப்போம்" என்று சொல்லி, நானும் நாத்தனாருமாக அவளை அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம்.

அங்கே இருந்த டாக்டரம்மா கட்டியைத் தொடுவதற்கு முன்னால் மூன்றே மூன்று கேள்விதான் கேட்டார். "எத்தனை நாளா இருக்கு?" "ரெண்டு தடவ கீறினப்ப எடுத்த சீழை டெஸ்டுக்கு அனுப்பினாங்களா, ரிப்போர்ட் இருக்கா?" "வீட்டுல யாருக்காவது நாள்பட்ட இருமல் உண்டா?"

முதல் கேள்விக்கு, மூன்று மாதத்துக்கு மேல் என்றாள். இரண்டாவதற்குப் பதில் இல்லை. ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. மூன்றாவதற்கு யோசித்துவிட்டு, "எங்க மாமாவுக்கு இருமல் உண்டுங்க. பீடி குடிப்பாரு, அந்த இருமல்னு சொல்வாங்க" என்றாள். அவள் மாமா என்றது மாமனாரை. டாக்டரம்மா அவளுடைய அக்குளைத் தடவிப் பார்த்தார். அங்கேயும் இரண்டு நெறி கட்டியிருந்தது. "பயப்படாதம்மா. புற்றுநோயான்னும் பார்த்துடுவோம், டி.பி.யான்னும் பார்த்துடுவோம். டெஸ்ட் பண்ணாம எதையும் சொல்ல முடியாது" என்றார்.

அந்த மூன்று கேள்விகளை, குறிப்பாக இரண்டாவது கேள்வியை, நாம் ஒவ்வொருவரும் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். ஏனென்று சொல்கிறேன்.

காசநோய் என்றால் நமக்கு நெஞ்சுச்சளி, இருமல், ரத்தம் துப்புவது, எலும்புருக்கி இவைதான் ஞாபகத்துக்கு வரும். ஆனால், நம் நாட்டில் 2023-ம் ஆண்டில் கண்டறிந்து பதிவு செய்யப்பட்ட நோயாளிகளே 25 லட்சம் பேருக்கு மேல். இந்த நோய் வருகிறவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு அது நுரையீரலை விட்டு வேறு இடத்தில் வருகிறது. கழுத்து நெறி, முதுகெலும்பு, குடல், கர்ப்பப்பை, மூளைச் சவ்வு என்று எங்கு வேண்டுமானாலும் வரலாம். மார்பகம் அதில் ஓர் அபூர்வமான இடம், அவ்வளவுதான்.

இது புதிய நோயும் இல்லை. லண்டனில் இருந்த ஆஸ்ட்லி கூப்பர் என்ற அறுவை மருத்துவர் 1829-லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். மார்பில் வரும் 'கண்டமாலை' வீக்கம் என்றார் அவர். நம் பாட்டிமார் கழுத்தில் வரிசையாக நெறி கட்டினால் கண்டமாலை என்பார்களே, அதேதான். காசநோய்க் கிருமியை ராபர்ட் கோக் கண்டுபிடித்துச் சொன்னது 1882-ல். கிருமி இன்னதென்று தெரிவதற்கு 53 வருடம் முன்னாலேயே இந்தக் கட்டியை ஒருவர் அடையாளம் கண்டுவிட்டார்!

மேலை நாடுகளில், மார்பகக் கோளாறு என்று அறுவைச் சிகிச்சைக்கு வருகிறவர்களில் ஆயிரத்தில் ஒருவருக்குக்கூட இது இருப்பதில்லை. காசநோய் அதிகமுள்ள நம் போன்ற நாடுகளில் நூற்றுக்கு மூன்று, நாலு பேர் வரை இருக்கலாம் என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன. பெரும்பாலும் இருபதிலிருந்து நாற்பது வயதுக்குள் இருக்கும் பெண்களுக்கு, அதிலும் பிள்ளைக்குப் பால் கொடுக்கும் காலத்தில் வருகிறது. அந்தக் காலத்தில் மார்பகத்தில் ரத்த ஓட்டம் அதிகம், பால் குழாய்கள் விரிந்திருக்கும். அதோடு, பிரசவத்துக்குப் பிந்திய மாதங்களில், உடம்பில் தூங்கிக் கிடக்கும் காசநோய்க் கிருமி விழித்துக்கொள்வதும் சாதாரணமாக அதிகம். கிருமி பெரும்பாலும் அக்குள் நெறியிலிருந்து மார்புக்கு வருகிறது. சிலருக்கு ரத்தத்தின் வழியாகவோ, நெஞ்சு எலும்பிலிருந்தோ வரும்.

அப்படியானால் பால் கட்டையும் இதையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? டாக்டரம்மா எங்களுக்குச் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

சாதாரணப் பால் கட்டும், அதனால் வரும் சீழ்க் கட்டியும் பெரும்பாலும் பிரசவமான முதல் சில வாரங்களில் திடீரென்று வரும். மார்பு சிவக்கும், தொட்டால் கொதிக்கும், வலி உயிர் போகும், குளிர் காய்ச்சல் அடிக்கும். சரியான மருந்து கொடுத்தால் இரண்டு மூன்று நாளிலேயே குறைய ஆரம்பித்துவிடும். இதற்குப் பால் கொடுப்பதை நிறுத்தவே கூடாது. குழந்தை குடிக்கக் குடிக்கத்தான் கட்டு இளகும்.

காசநோய்க் கட்டி மெதுவாக வளரும். பல பேருக்கு வலி குறைவு, சூடும் இருக்காது. மருந்துக்கு அடங்காது, அடங்கினாலும் திரும்ப வரும். கீறிய இடம் ஆறாது, அல்லது ஆறிப் பக்கத்தில் உடைத்துக்கொண்டு கசியும். அக்குளில் நெறி கட்டும். சாயங்கால நேரத்தில் காய்ச்சல், பசியின்மை, உடம்பு இளைத்தல், இரவில் வியர்வை இவை இருந்தாலும் இருக்கும், ஒன்றுமே இல்லாமலும் இருக்கும். அதனால், 'எனக்கு இருமலே இல்லையே' என்று சும்மா இருந்துவிட முடியாது. எங்கள் பெண்ணுக்கு ஒரு நாள்கூட இருமல் இருந்ததில்லை.

வெளியிலிருந்து பார்த்தால் இது சீழ்க் கட்டி மாதிரியும் இருக்கும், புற்றுநோய்க் கட்டி மாதிரியும் இருக்கும். தோல் சுருங்குவது, காம்பு உள்ளே இழுப்பது, கட்டி கெட்டியாக இருப்பது இவையெல்லாம் இரண்டிலும் வரலாம். ஸ்கேன் எடுத்தாலும், மேமோகிராம் எடுத்தாலும் கட்டி இருப்பது தெரியுமே தவிர, இன்ன கட்டி என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது. கட்டியிலிருந்து சீழோ சதையோ எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

சகோதரிகளே, அடுத்து வருவதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் சின்ன ஊசியைக் குத்திக் கட்டியிலிருந்து நீரை உறிஞ்சி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். வலி ஊசி போட்டுக்கொள்வது மாதிரிதான். அதில் தெளிவாகத் தெரியாவிட்டால், மரத்துப்போக ஊசி போட்டு, கொஞ்சம் பெரிய ஊசியால் நூல் போலச் சதை எடுப்பார்கள். இதற்குப் பெயர் பயாப்ஸி. 'பயாப்ஸி' என்றவுடன் 'கேன்சர்' என்று முடிவு கட்டி அழவேண்டாம். அது ஒரு பரிசோதனையின் பெயர், நோயின் பெயர் இல்லை.

இப்படி எடுக்கும் சதையை இரண்டு டப்பாவில் போடவேண்டுமாம். ஒன்றில் பார்மலின் என்ற மருந்துத் தண்ணீர் இருக்கும். அது மைக்ராஸ்கோப்பில் சதையைப் பார்ப்பதற்கு. அந்த மருந்து கிருமியைக் கொன்றுவிடும் என்பதால், கிருமியைத் தேடும் பரிசோதனைக்கு வேறொரு டப்பாவில் சலைன் தண்ணீரில் அனுப்ப வேண்டும். எல்லாவற்றையும் பார்மலினிலேயே போட்டுவிட்டால், பிறகு கிருமியை வளர்த்துப் பார்க்க வழியில்லை, மறுபடியும் ஊசி குத்த வேண்டியதுதான். 'டி.பி. டெஸ்டுக்கும் தனியா அனுப்பறீங்களா டாக்டர்?' என்று நாமே பணிவாகக் கேட்டுக்கொள்ளலாம், தப்பில்லை.

'சீழை டெஸ்ட் பண்ணினோம், ஒண்ணுமே வளரலைன்னு வந்துச்சு' என்று சில பேர் சொல்வார்கள். சாதாரணமாகச் சீழை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும். காசநோய்க் கிருமி அந்த முறையில் வளராது. அதற்கென்று தனியாக வைத்தால்தான் வளரும், அதுவும் சில வாரங்கள், சமயத்தில் எட்டு வாரம் வரைகூட ஆகும். ஆகவே, சீழ் வந்துகொண்டே இருக்கிறது, ஆனால் டெஸ்டில் ஒன்றும் வளரவில்லை என்றால், அதுவே காசநோயைச் சந்தேகப்படுவதற்கு ஒரு காரணம்.

சாயம் போட்டுக் கிருமியைத் தேடும் பரிசோதனையும் உண்டு. சளியில் கிருமி நிறைய இருக்கும், தெரிந்துவிடும். மார்பகக் கட்டியில் கிருமி கொஞ்சமாகத்தான் இருக்கும். பல பேருக்கு 'இல்லை' என்றே வரும். எங்கள் பெண்ணுக்கும் அப்படித்தான் வந்தது. ஆனால், டாக்டரம்மா விடவில்லை. 'சி.பி.நாட்' என்ற மெஷினில் வைத்தார்கள். அந்த மெஷின் கிருமியின் மரபணுவையே கண்டுபிடித்துவிடுகிறது. மெஷினில் வைத்த இரண்டு மணி நேரத்தில் முடிவு வந்துவிடுமாம். காசநோயின் முக்கிய மருந்துக்குக் கிருமி கட்டுப்படுமா என்பதையும் அதுவே சொல்லிவிடும். அதில் 'இருக்கிறது, மருந்துக்குக் கட்டுப்படும்' என்று வந்தது. பயாப்ஸி ரிப்போர்ட்டிலும் காசநோய்க்கு உரிய அடையாளங்கள் இருந்தன. புற்றுநோய் இல்லை என்று எழுதியிருந்தது. அந்தக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு என் நாத்தனார் அழுத அழுகை இருக்கிறதே! டி.பி. என்று வந்ததற்கு ஆனந்தக் கண்ணீர் விட்டது அவராகத்தான் இருக்கும்.

இன்னொரு விஷயமும் சொல்லவேண்டும். காசநோய் இல்லாமலேயே, மைக்ராஸ்கோப்பில் கிட்டத்தட்ட இதே மாதிரி தெரியும் இன்னொரு மார்பக வீக்கமும் இருக்கிறது. அதற்குச் சில சமயம் ஸ்டீராய்டு மருந்து கொடுப்பார்கள். காசநோய் உள்ளவளுக்கு அதைக் கொடுத்தால் நோய் முற்றிவிடும். அதேபோல, பால் கொடுக்கும் பெண்ணுக்கும் மார்பகப் புற்றுநோய் வரத்தான் செய்கிறது. 'டி.பி.யாத்தான் இருக்கும்' என்று நாமே தைரியம் சொல்லிக்கொண்டு காலம் கடத்தக்கூடாது. பரிசோதித்து, இன்னதென்று தெரிந்துகொண்டு, அதற்குரிய வைத்தியம் செய்வதுதான் முறை.

வைத்தியம் என்ன தெரியுமா? வெறும் மாத்திரைதான்! முதல் இரண்டு மாதம் நாலு வகை மருந்து, அடுத்த நாலு மாதம் மூன்று வகை. எடைக்குத் தகுந்தபடி, தினமும். ஆக, ஆறு மாதம்; சிலருக்கு டாக்டர் நீட்டிப்பார். மார்பை எடுப்பதெல்லாம் மிக மிக அபூர்வம். தேசிய காசநோய் ஒழிப்புத் திட்டத்தில் மருந்து முழுக்க இலவசம். சத்தான உணவுக்கென்று நோயாளியின் வங்கிக் கணக்கிலேயே பணமும் போடுகிறார்கள். 2018-ல் மாதம் 500 ரூபாய் என்று ஆரம்பித்தது, 2024 நவம்பரிலிருந்து மாதம் 1,000 ரூபாய் ஆகியிருக்கிறது. அதில் முட்டையும் நிலக்கடலையும் வாங்கிச் சாப்பிட்டாள் எங்கள் பெண்.

மாத்திரை சாப்பிடும்போது சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும். வியர்வை, கண்ணீரில்கூட நிறம் தெரியலாம். அதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் கண் மஞ்சளானாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, பார்வை மங்கினாலோ அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். இன்னொன்று, பெண்களுக்கு அவசியம் தெரிய வேண்டியது: இந்த மருந்து குடும்பக் கட்டுப்பாடு மாத்திரையின் சக்தியைக் குறைத்துவிடும். மாத்திரையை நம்பியிருந்து, நோயோடு அடுத்த கர்ப்பமும் வந்து சேர்ந்தால் என்ன ஆவது? காப்பர்-டி போன்ற வேறு வழியை நர்ஸம்மாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு மாதத்தில் உடம்பு தேறி, 'எனக்குச் சரியாயிடுச்சு' என்று நிறுத்திவிடுகிறவர்கள் நிறையப் பேர். அப்படிப் பாதியில் விட்டால் கிருமி மருந்துக்கு அடங்காத முரட்டுக் கிருமியாகிவிடும். பிறகு வைத்தியம் கஷ்டம்.

குழந்தைக்கு என்ன செய்வது? இதுதான் எங்களுக்குப் பெரிய கவலை. குழந்தையையும் பரிசோதித்தார்கள். எடை குறைவுதான், நோய் இல்லை. நோய் வராமல் இருக்கத் தடுப்பு மருந்து எழுதிக் கொடுத்தார்கள். தாய்க்கு வைட்டமின் பி-6 மாத்திரையும் சேர்த்தே கொடுத்தார்கள். "வலது பக்கம் தாராளமா பால் கொடும்மா. இடது பக்கம் நான் சொல்ற வரைக்கும் பீய்ச்சிக் கொட்டிடு" என்றார் டாக்டரம்மா. இந்த மருந்துகளைச் சாப்பிடும் தாய் பால் கொடுக்கலாம். பாலில் போவது மிகக் கொஞ்சம், குழந்தைக்குக் கெடுதல் இல்லையாம். ஒரு மாதமாகப் பாலை நிறுத்தியிருந்தவள், "இனிமே எங்கேர்ந்து வரும்?" என்றாள். "சப்பச் சப்பத்தான் ஊறும், விடாம போடு" என்றார். பத்து நாள் போராட்டம். பதினோராம் நாள் குழந்தையின் கடைவாயில் பால் வழிந்தது!

அடுத்ததாக, வீட்டில் இருப்பவர்கள் எல்லோரையும் அழைத்து வரச் சொன்னார்கள். மாமனார் வர மறுத்தார். "எனக்கென்ன நோவு? பீடிய விட்டா சரியாப் போயிடும்" என்று முரண்டு பிடித்தவரை, மாப்பிள்ளைதான் பைக்கில் உட்கார வைத்துக் கொண்டுவந்தார். சளியைப் பரிசோதித்தால், நுரையீரல் காசநோய்! எத்தனை நாளாக இருந்ததோ? பேரப்பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டுதான் பொழுதைக் கழிப்பார் அவர். இவளுக்கு எப்போது, யாரிடமிருந்து ஒட்டியது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் இவளுடைய கட்டியைச் சரியாகப் பரிசோதித்ததால் அந்த வீடே தப்பியது. 'மருமகளுக்கு வியாதி' என்று பேசிய வாய்கள் அன்றோடு அடங்கின.

இவளால் யாருக்கும் பரவுமோ என்ற பயமும் வேண்டியதில்லை. நுரையீரலில் நோய் இல்லாமல் மார்பில் மட்டும் இருந்தால், மூச்சுக்காற்றில் அது பரவுவதில்லை. கசியும் புண்ணைச் சுத்தமாக மூடிவைத்தால் போதும். நுரையீரல் காசநோய்க்கே தனித்தட்டு, தனி அறை என்று ஒதுக்க வேண்டியதில்லை என்பதை உலகத்துக்குக் காட்டியது நம் சென்னைதான் தெரியுமா? 1956-ல் சென்னையில் காசநோய் மருந்து ஆராய்ச்சி மையத்தைத் தொடங்கி, ஒரு பிரிவினரைச் சானடோரியத்திலும் இன்னொரு பிரிவினரை அவரவர் வீட்டிலும் வைத்து வைத்தியம் செய்தார்கள். வீட்டில் இருந்து மருந்து சாப்பிட்டவர்களும் அதே அளவு குணமானார்கள். அவர்கள் வீட்டு ஆட்களுக்கு அதனால் நோய் கூடுதலாகவும் வரவில்லை. 1959-ல் வெளியான அந்த முடிவுக்குப் பிறகுதான், வீட்டிலிருந்தே மருந்து சாப்பிடும் பழக்கம் உலகமெங்கும் பரவியது. சேத்துப்பட்டில் இருக்கும் அந்த மையம்தான் இப்போது தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

எங்கள் பக்கத்துப் பெண்கள் சின்ன வெங்காயம் அறுக்கவும், பருத்தி எடுக்கவும், முந்திரி பொறுக்கவும் விடியற்காலையில் போய்விடுகிறவர்கள். ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒருநாள் கூலி போச்சு. அதிலும், மார்பில் கட்டி என்றால் வாய் திறந்து சொல்லவே கூச்சம். புருஷனிடம்கூடச் சொல்லாமல் துணியை மடித்து வைத்துக்கொள்கிறோம். முன்பெல்லாம் பெரிய பரிசோதனை என்றால் திருச்சி, தஞ்சாவூர் என்று பஸ் ஏற வேண்டும். 2022-லிருந்து அரியலூரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. பெரம்பலூரில் மாவட்டத் தலைமை மருத்துவமனை இருக்கிறது. எங்கே போவது என்று தெரியாவிட்டால் ஊருக்கு வரும் கிராம சுகாதார செவிலியரிடம் சொன்னால் போதும். 1800-11-6666 என்ற இலவச எண்ணுக்குப் போன் செய்தும் காசநோய் பற்றிக் கேட்கலாம்.

சகோதரிகளே, ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மார்பில் வந்த கட்டி இரண்டு வாரத்தில் கரையவில்லையா? மருந்து சாப்பிட்டும் திரும்ப வருகிறதா? கீறிய புண் ஆறவில்லையா? 'இந்தச் சீழை டி.பி.க்கும் பார்த்துடுங்க டாக்டர்' என்று கேளுங்கள். ரிப்போர்ட்டைக் கையோடு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். மகளுக்கோ மருமகளுக்கோ வந்தால், மறைக்காமல் கூடவே போய் நில்லுங்கள்.

எங்கள் பெண் ஆறு மாத மருந்தையும் ஒரு நாள் விடாமல் சாப்பிட்டு முடித்துவிட்டாள். மூன்றாம் மாதமே புண் மூடிவிட்டது. தழும்பு இருக்கிறது, அது போகாது என்றார்கள். "இருந்துட்டுப் போகுது அத்த, என் பொண்ணு பெரியவளானா காட்டிச் சொல்றதுக்கு ஆகும்" என்கிறாள். அடகு வைத்த செயினை மீட்டாகிவிட்டது. மாமனாருக்கு இன்னும் இரண்டு மாத மருந்து பாக்கி. தினமும் சாப்பாட்டுக்கு முன்னால் மாத்திரையை எடுத்துக் கொடுத்து, அவர் விழுங்கும் வரை எதிரிலேயே நிற்பது எங்கள் பெண்தான்!

— ஒரு வாசகி, பெரம்பலூர்.